போணி ஆகாத புதன்கிழமை

ஏழாங்கட்டை பஜார்,
பசறை ரோட்டு.
குரோதன வருஷம் ஐப்பசி 14

பதுளைப் பெரிய தெருவில் ஜவுளிக்கடை வைத்து நாலு பேர் மதிக்க வாழ்ந்துவரும் மச்சான் மயில்வாகனம் அவர்கள் சமூகத்துக்கு, ஏழாங்கட்டை பலசரக்குக் கடை தம்பையா கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நான், உங்கள் தங்கை பாக்கியலெட்சுமி, பிள்ளைகள், ஒழுகுகிற மூன்று இடங்கள் நீங்கலாகக் கடைக்கூரை, யாவரும் சுகம். அவ்விடத்தில் தங்கள் சுகத்துக்கும், மருமகள் லீலாவின் இருமல் நிற்கவும் கதிர்காமத்து முருகனை வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. தங்கள் கடிதம் கிடைத்தது. "அந்த மலைச்சரிவில் ஈ ஓட்டினது போதும் மாப்பிள்ளை, கடையைப் பூட்டிவிட்டுப் பதுளைக்கு வந்துவிடுங்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் உங்களுக்கென்று கை வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன், உட்கார்ந்து கணக்கு எழுதினால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய மனசு. ஆனால் நான் வர மாட்டேன். காரணத்தை விவரமாக எழுதாவிட்டால் கொழுப்பு என்று எண்ணுவீர்கள். கொழுப்பும் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் விவரத்தைக் கேளுங்கள்.

மோட்டார் பஸ் வந்த நாளிலிருந்து எங்கள் பஜாருக்குப் பிடித்த சனியன் தங்களுக்குத் தெரியும். பஸ் எங்களைப் புழுதியால் அபிஷேகம் செய்துவிட்டு, அரை மைல் தள்ளி மேல்வளைவு பஜாரில் போய் நிற்கிறது. அங்கே இறங்குகிற சனம் அங்கேயே அரிசி வாங்கி, அங்கேயே தேத்தண்ணி குடித்து, அங்கிருந்தே தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்கு ஏறிப் போய்விடுகிறது. எங்கள் ஏழு கடைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் பிழைப்பு. இதைப் பார்த்து இரக்கப்பட்டு எங்கள் பஜார் போர்டு ஆதரவு கொடுக்கத் தொடங்கிற்று மச்சான், அங்கேதான் வினை. முதல் ஆதரவாக, கடைத்தெரு பார்வையாய் இருந்தால் சனம் வரும், எல்லாரும் சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். புரட்டாசி அடைமழையில் அடித்தோம். இப்போது இந்தப் பஜாரிலேயே வெள்ளை வெளேரென்று இருப்பது சாக்கடை ஒன்றுதான். இரண்டாவது ஆதரவாக விளக்குத்தூண் ஒன்று நட்டார்கள். விளக்கு பிறகு வருமாம். விளக்கில்லாத தூண் இருட்டில் தெரியாததால், தூண் வந்த பிறகு நெற்றி வீங்காத ஆண்பிள்ளை இங்கே கிடையாது. என் நெற்றி இரண்டு முறை வீங்கிற்று.

மூன்றாவது ஆதரவுதான் பெரியது. தகரக் கூரை போட்ட சந்தைக் கொட்டகை, எரிகிற விளக்கு இரண்டு, பஸ் நிற்கும் இடம், இந்த மூன்றையும் ஒரே பஜாருக்குக் கொடுப்பார்களாம். ஏழாங்கட்டைக்கா மேல்வளைவுக்கா என்பதை, எங்கே சன நடமாட்டம் அதிகம் என்று போர்டு இன்ஸ்பெக்டர் துரை நேரில் பார்த்துத் தீர்மானிப்பாராம். கிடைத்தால் ஏழு குடும்பமும் தலைநிமிர்ந்து நிற்கும். கிடைக்காவிட்டால் அடுத்த சித்திரைக்குள் இது பஜார் இல்லை, வெறும் வளைவு. சரி, எப்போது வருகிறார் என்று பார்த்தால் புதன்கிழமை காலை பத்து மணிக்கு! புதன்கிழமை பத்து மணிக்குத் தோட்டத்துச் சனம் முழுக்க மலையில் கொழுந்து பறிக்கிறது. இங்கே நடமாடுவது நாயும் நானும்தான். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி மனு எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை துரை கோயிலுக்குப் போவார் என்று பதில் வந்தது.

விடுவேனா? செவ்வாய்க்கிழமை இராமையாவின் தேத்தண்ணிக் கடையில் ஏழு கடைக்காரரையும் கூட்டினேன். வெளியிலிருந்து சனம் வராவிட்டால் என்ன, நாமே சனம் என்றேன். திட்டம் இதுதான். துரை தலை தெரிந்ததும் நான் அலவி நானா கடையில் துணி வாங்குவேன், அலவி நானா இராமையாவிடம் தேத்தண்ணி குடிப்பார், இராமையா பூவம்மாவிடம் வெற்றிலை வாங்குவான், பூவம்மா பாண் ரொட்டி வாங்குவாள், பாண்காரர் சவரம் செய்துகொள்வார், நாவிதர் கத்தியைக் கொல்லரிடம் தீட்டுவார், கொல்லர் என்னிடம் வந்து அரிசி வாங்குவார். சுற்றிச் சுற்றி வாங்கிக்கொண்டே இருந்தால் துரை கண்ணுக்கு அது திருவிழா. கேட்டுவிட்டு அலவி நானா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இந்த மூளையை வைத்துக்கொண்டு பருப்பு நிறுக்கிறீரே என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புதன்கிழமை விடிந்தது. மழை விட்டும் விடாத தூறல். பத்து மணிக்குத் துரையின் குதிரை பாலத்தருகே வருவதைக் கண்டேன். ஆட்டத்தைத் தொடங்க வேண்டியவன் நான் அல்லவா? மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கல்லாப்பெட்டியில் கையை வைத்தேன். உங்கள் தங்கை மூடிமேல் தன் கையை வைத்தாள்.

"இன்னும் போணி ஆகல" என்றாள்.

மச்சான், தாங்களும் கடைக்காரர். எழுதவே வேண்டாம். முதல் வியாபாரம் ஆகி, முதல் காசு பெட்டிக்குள் விழுகிறவரைக்கும் பெட்டியிலிருந்து ஒரு சதம் வெளியே போகலாமா? அந்த முதல் வியாபாரம் கடனாக இருக்கலாமா? அப்பனே வந்து கேட்டாலும் கூடாது. பன்னிரண்டு வருஷமாக இதை அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினவன் நான்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மறக்காததை, ஏழு கடைக்காரர் ஒன்றாய் உட்கார்ந்து திட்டம் போட்ட அன்றைக்கு ஏழு பேருமே மறந்திருக்கிறோம் பாருங்கள். இது வியாபாரம் இல்லை புள்ளே, சும்மா நாடகம் என்று கெஞ்சினேன். "நாடகத்துக்கெல்லாம் பொட்டி தொறக்க முடியாது" என்றுவிட்டாள். தங்கள் வீட்டு வளர்ப்பு, குறை சொல்ல முடியாது.

அலவி நானாவிடம் ஓடி, நீங்கள் தொடங்குங்கள் நானா என்றேன். அவர், எனக்கும் போணி ஆகல்லையே முதலாளி, காலங்காத்தாலே கைக்காசை வெளியே விட்டால் நாள் என்னத்துக்கு ஆகும் என்றார். இராமையாவுக்கு ஆகவில்லை. பூவம்மாவுக்கு ஆகவில்லை. மூன்று நாள் மழையில் எவருக்குமே ஆகவில்லை! ஆளுக்கு ஆள் நீ முதலில் வாங்கு, நீ முதலில் வாங்கு என்று தொடங்கிய உபசாரம், குரல் ஏறி ஏறிச் சண்டையாகிவிட்டது. துரை வந்து குதிரையை நிறுத்தியபோது அவர் கண்ட காட்சி: ஏழு கடையும் திறந்து கிடக்கிறது, உள்ளே வாங்குகிற ஆள் ஒருவர்கூட இல்லை, ஏழு கடைக்காரரும் நடுத்தெருவில் சேற்றில் நின்று ஒருவரையொருவர் உன் சரக்கை நான் வாங்கமாட்டேன் என்று கத்திக்கொண்டிருக்கிறோம். துரை கூட வந்த துபாசியிடம் என்ன என்று கேட்டார். துபாசி போணியை இங்கிலீசில் விளக்கப் புகுந்து கால் மணி நேரம் பேசினார். துரை முழுவதையும் கேட்டுக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டார்.

அதற்குள் தூறல் வலுத்தது. துரை அலவி நானா கடையில் ஏறி, தொங்கின குடைகளில் ஒன்றைக் கைகாட்டினார். எங்கள் ஏழு பேர் உயிரும் திரும்பி வந்தது. போணி! அதுவும் துரை கையால் போணி! அலவி நானா குடையை விரித்துத் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினார். துரை பையில் கையை விட்டார். எடுத்தது காசு இல்லை மச்சான், பென்சில். துரைமார் காசு வைத்துக்கொண்டா நடமாடுகிறார்கள்? சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், மாதக் கடைசியில் பணம் வரும். அலவி நானா சீட்டைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், மெதுவாகக் குடையை மடக்கினார். "கடன் போணி ஏலாது தொரை" என்றார். துபாசி அதை மட்டும் இங்கிலீசில் சொல்லவில்லை. துரை நனைந்தபடி இறங்கி நின்றார். எனக்கு மேல்வளைவில் தகரக் கூரை ஏறுகிற சத்தமே காதில் கேட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கைக்குழந்தையை மாரோடு அணைத்தபடி பெரியாயி வந்தாள். மேல்தோட்டத்து ஐந்தாம் லயத்துக்காரி, என் கடையில் சாமான் வாங்குகிறவள். அவள் முந்தானை முடிச்சில் ஒரு காசு இருப்பதை ஏழு பேரும் ஒரே நேரத்தில் கண்டோம். பாய்ந்தோம். வெக்கங்கெட்டுச் சொல்கிறேன், நான்தான் முதலில் பாய்ந்தேன். ஒருத்தர் வாம்மா என்கிறார், ஒருத்தர் பாண் சுடச்சுட இருக்கு என்கிறார், பிள்ளைக்கு முடி இறக்கவா என்கிறார் நாவிதர். அவள் மிரண்டு போனாள். "ஆளுக்கொரு பக்கம் இழுத்தா நா எங்கிட்டுப் போறதுங்க" என்று அழுகிற மாதிரி நின்றாள். கடைக்குள்ளிருந்து உங்கள் தங்கை ஒரு சத்தம் போட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். குழந்தைக்கு இரண்டு நாளாய் நெஞ்சுச்சளியாம். சுக்கும் திப்பிலியும் வேண்டுமாம். நாங்கள் விலகி வழிவிட்டோம். துரைக்கு என்ன தோன்றியதோ, அவளை ஒன்று கேட்கச் சொன்னார். மேல்வளைவு உன் லயத்துக்குக் கிட்டத்தானே, அந்தக் கடைகளைத் தாண்டி இந்த மழையில் இவ்வளவு தூரம் ஏன் வந்தாய் என்று துபாசி கேட்டார். பெரியாயி என்னைப் பார்த்தாள், துபாசியைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்:

"அங்கிட்டுக் கடையெல்லாம் கங்காணி ஆளுகளோடதுங்க. காலையில பேர் குடுக்குற பெரட்டுக்குப் போகாம வந்தேன்னு உடனே போட்டுக் குடுத்துருவாங்க. இங்க யாரும் சொல்ல மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "தொரையும் சொல்லிற மாட்டாருல்ல?" என்றாள்.

துபாசி முழுவதையும் சொன்னார். துரை சிரிக்கவில்லை. சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பன்னிரண்டு வருஷமாக என் பருப்பின் தரத்துக்காகத்தான் சனம் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தங்கை சுக்கு திப்பிலியை ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்காய்க் கட்டிக்கொடுத்து, அந்த ஐந்து சதத்தைக் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் போட்டாள். போட்ட கையோடு அள்ளி என் கையில் வைத்து, "இப்பப் போங்க" என்றாள். பிறகு கேட்க வேண்டுமா? நான் அலவி நானாவிடம் துண்டு வாங்க, அவர் தேத்தண்ணிக்கு ஓட, இராமையா வெற்றிலைக்கு ஓட, மடை திறந்த மாதிரி தெரு ஓடிற்று. நாவிதர் நடுத்தெருவிலேயே பாண்காரருக்குப் பாதி முகம் சிரைத்துவிட்டார். அலவி நானா தாமே போய்த் துரையிடம் சீட்டை வாங்கிக்கொண்டு குடையைக் கொடுத்தார். துரை இராமையா கடை வாசலில் நின்றபடியே தேத்தண்ணி குடித்தார், இன்னொன்றும் கேட்டார். போகும்போது விளக்குத்தூணில் முட்டிக்கொண்டார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆகவே மச்சான், கொட்டகை எங்களுக்குத்தான், சந்தேகமே இல்லை. முக்குக்கடை, பலாப் பலகைக் கதவு, பன்னிரண்டு வருஷம் நான் மிதித்த வாசல்படி. நாலு சோடி மாடு கட்டி இழுத்தாலும் இதை விட்டு ஒரு அடி நகரமாட்டேன். ஆகையால் அந்த நாற்காலியைத் தயவுசெய்து வேறு யாருக்காவது கொடுத்துவிடவும். எனக்கு நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமும் இல்லை.

பெரியவர்கள் எல்லாருக்கும் எங்கள் நமஸ்காரம். மருமகள் லீலாவுக்கும் சின்னதுகளுக்கும் ஆசீர்வாதம், நோய்நொடியின்றி மலைபோல் வளரட்டும். லீலாவுக்குச் சுக்கு கொஞ்சம் இத்துடன் அனுப்பியிருக்கிறாள் உங்கள் தங்கை.

இப்படிக்கு,
யாருக்கும் அசையாத
தம்பையா

பின்குறிப்பு, ஐப்பசி 18: பாலத்தடியில் மண் சரிந்து தபால் நாலு நாள் போகவில்லை, அதனால் இக்கடிதம் இங்கேயே கிடந்தது. இன்று விடியக்காலம் போர்டு ஆள் ஒருவர் சரிவைச் சுற்றி நடந்து வந்து காகிதம் கொடுத்தார். கொட்டகை, விளக்கு, பஸ், மூன்றும் ஏழாங்கட்டைக்கே. தெரு முழுக்கச் சீனவெடி. கொட்டகைக்குத் தோதான சமதரை பஜாரில் ஓர் இடத்தில்தான் இருக்கிறதாம், முக்கில். அதாவது என் கடை. தை பிறப்பதற்குள் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம். காகிதத்தைப் படித்துவிட்டு அலவி நானா வெடிக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என் வாசலில் வந்து நிற்கிறார். உங்கள் தங்கை காகிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இடம் கொடுத்தவருக்குக் கொட்டகையில் முதல் இடம், ஆறடிக்கு ஆறடி, என்று கடைசி வரியில் இருக்கிறது. "அப்ப அங்கதான்" என்றாள். பலாப் பலகைகளைக் கழற்றத் தொடங்கிவிட்டாள். அங்கேதான் மச்சான், வேறெங்கும் இல்லை. ஆனால் ஆறடிக்குள் உட்காரப் பாய் விரித்துப் பெட்டியும் வைத்தால் சரக்குக்கு இடமில்லை, நாற்காலி என்றால் ஓரத்தில் அடங்கும். ஆகையால் மேலே எழுதியதைத் தள்ளிவிட்டு, அந்த நாற்காலியை வழி திறந்ததும் லாரியில் ஏற்றி அனுப்பிவைக்கவும். லாரிக் கூலியை அங்கேயே கொடுத்துவிடுங்கள். இங்கே இன்னும் போணி ஆகவில்லை.