கலவரம் – ஐந்தாம் நாள் – சர்க்கரை

அரைக் கப் சர்க்கரை கேட்டு வந்த பக்கத்து வீட்டு நர்ஸம்மா, டப்பாவைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டப்பாவின் மேல் மருந்துக் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் நீல மையில், குண்டு குண்டான எழுத்து: ‘கலவரம் – ஐந்தாம் நாள் – சர்க்கரை.’

"அஞ்சு நாளா நடக்கப் போகுது, அக்கா?"

மருந்துக் கடைக்காரரின் மனைவி அலமாரியை முதுகால் மறைக்கப் பார்த்தாள். முதுகு ஒன்றுதானே, தட்டுகள் ஆறு. முதல் நாள் அரிசி. இரண்டாம் நாள் பருப்பு. மூன்றாம் நாள் மெழுகுவத்தி, ‘தேவைப்பட்டால் மட்டும்’.

மருந்துக் கடைக்காரர் அப்படிப்பட்ட மனிதர். சீட்டு ஒட்டாமல் எதையும் வீட்டில் வைக்கவிட மாட்டார். கல்யாணமான புதிதில் ஊறுகாய் பாட்டிலில் ‘குலுக்கிப் பயன்படுத்தவும்’ என்று ஒட்டியவர்.

வியாழக்கிழமை தேர்தல் முடிவு. போன தடவை முடிவு வந்த கையோடு கல்லும் கம்புமாகி, கடைத்தெரு மூன்று நாள் திறக்கவில்லை. இந்தத் தடவை வீட்டில் நிறைமாத மகள். மாப்பிள்ளை கப்பல் வேலையில், நடுக்கடலில். மகள் காதில் ஒரு சத்தம் விழக்கூடாது. அவள் ஒரு நிமிடம் கூடப் பயப்படக்கூடாது. அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காகத்தான் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்தார், யாருக்கும் தெரியாமல்.

நர்ஸம்மா சர்க்கரையை வாங்காமலே போய்விட்டாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொன்னேனா இல்லையா?" என்று சாயங்காலம் அவர் குதித்தார்.

"நான் எங்க சொன்னேன்? உங்க டப்பாதான் சொல்லிச்சு."

உடனே பக்கத்து வீட்டுக்கு ஓடினார். "ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒரு முன்னெச்சரிக்கை. பயப்படவே வேண்டாம்" என்றார். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களிடம் சொல்கிற அதே குரல். நர்ஸம்மா நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் அந்தக் குரலைக் கேட்டவள். அஞ்சு நாள் இல்லை, பத்து நாள் என்று முடிவு கட்டிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுநாள் தெருவே பேசியது. ‘மருந்துக் கடைக்காரருக்கே விஷயம் தெரிஞ்சிருக்குன்னா சும்மாவா?’

அவர் சீட்டுகளை எல்லாம் கிழித்துவிட்டு, யார் வந்து பார்த்தாலும் ஏமாறும்படி வேறு சீட்டுகளை ஒட்டினார். அன்று மாலை டீ நுரைத்தது.

"துணி சோப்புத் தூளுங்க இது!"

"சர்க்கரைன்னு போட்டிருக்கே?"

"போட்டவர் யாரு? குடிங்க, நீங்களே குடிங்க!"

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, இனி கதவுதான் கதி என்று வெல்டரைக் கூப்பிட்டார். அவன் இரும்புத் தகடு அடித்து, குறுக்கே ஒரு கம்பி வைத்தான். அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

"யானையே வந்தாலும் திரும்பித்தான் சார் போகணும்."

"யார்கிட்டயும் சொல்லாதப்பா."

"சே, நான் ஏன் சார் சொல்றேன்?"

சொல்லவில்லைதான். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள், பாய், தலையணையோடு வாசலில் வந்து நின்றான்.

"கதவைச் செஞ்சவன் நான் சார். இதைவிட நல்ல கதவு எங்க இருக்குன்னு போவேன்?"

அவன் பின்னால் அவன் மச்சான். மச்சான் பின்னால் கூட்டாளிகள். பக்கத்திலேயே நர்ஸம்மா, பிரஷர் பார்க்கிற பெட்டியோடு, அவள் அண்ணன் பிள்ளைகள் நாலு பேரோடு. நாலு பேரும் நாலு பீரோ மாதிரி இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று இன்னும் சிலர்.

அவர் வாசலில் நின்று தலை எண்ணினார். முப்பத்தேழு.

"எண்ணினது போதும், உள்ள வந்து கதவச் சாத்துங்க" என்றாள் மனைவி. "வந்தவங்களை வெளிய நிறுத்திட்டு நாம என்ன பாதுகாப்பு பண்றது?"

ஐந்து நாள் அரிசி அத்தனையும் ஒரே அண்டாவில் ஏறியது. அவள் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தாள். கன்னம் வரைக்கும் மீசை வைத்த ஒருவனையும், கழுத்தெல்லாம் பச்சை குத்திய மொட்டைத் தலையனையும் எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் சின்ன வெங்காயத் தட்டை வைத்தாள்.

"தோல் கீழ விழக்கூடாது. சத்தமும் வரக்கூடாது. உள்ள புள்ளைத்தாய்ச்சி தூங்கறா."

"சரிங்கக்கா" என்றான் மீசை.

"வெளிய எப்படி இருக்குமோ? கைகாலெல்லாம் நடுங்குது" என்று கிசுகிசுத்தான் மொட்டை.

"எனக்கும்தாண்ணே. எவன் எப்ப கல்லெடுப்பான்னு யாருக்குத் தெரியும்?"

பதினோரு மணிக்கு மகள், "அம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். முப்பத்தேழு பேரும் ஒரே ஆள் மாதிரி எழுந்து நின்றார்கள்.

அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வழியெல்லாம் தடுப்பு, வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள்.

"குழந்தை அவ்வளவு நேரம் காத்திருக்காது" என்றாள் நர்ஸம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. "வெந்நீர் கொண்டாங்க. சுத்தமான துணி கொண்டாங்க. ஆம்பளைங்க அத்தனை பேரும் கூடத்துக்குப் போங்க!"

பஞ்சு எங்கே, டெட்டால் எங்கே? மருந்துக் கடைக்காரருக்கு வேட்டி எங்கே என்றே தெரியவில்லை. ஆனால் அந்தப் பீரோ பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அடுப்படியிலிருந்து அறை வாசல் வரை வரிசையாக நின்றுவிட்டார்கள். வெந்நீர்ச் சட்டி கை மாறிக் கை மாறிப் போனது. ஒரு சொட்டு சிந்தவில்லை. மீசைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தான்.

பன்னிரண்டு அடித்தது. முடிவு சொல்லும் நேரம். ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். யார் ஜெயித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, தகட்டில் இருந்த சின்னத் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தார். நெருப்பைப் பார்ப்போம் என்று நினைத்தார். நடுத்தெருவில் ஒரு நாய் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. வேப்ப மரத்துப் பழுத்த இலை ஒன்று ஆடி ஆடி இறங்கி அதன் வயிற்றில் விழுந்தது. விழுந்த சத்தம் கூடக் கேட்ட மாதிரி இருந்தது அவருக்கு. ஊரின் வாயை யார் இப்படிப் பொத்தினார்கள்? பிறந்ததிலிருந்து இதே தெரு. இப்படி ஒரு அமைதியை அவர் கண்டதே இல்லை.

அந்த அமைதிக்கு நடுவில் குழந்தை அழுதது.

"பொண்ணு!" என்றாள் நர்ஸம்மா. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

மீசையும் மொட்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு விசும்பினார்கள். வெங்காயம் உரித்து வந்த கண்ணீர் இல்லை அது. மருந்துக் கடைக்காரர் சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேத்தி பிறந்துவிட்டாள். மகள் பயப்படவில்லை. இத்தனை நல்லவர்களை எங்கிருந்து கடவுள் அனுப்பினார் என்று பிரமித்துப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

கதவு தட்டப்பட்டது.

"போலீஸ்! திறங்க!"

இரண்டு பேர் கம்பியைத் தூக்கினார்கள். வெளியே ஒரு கான்ஸ்டபிள், வியர்வையில் நனைந்த சட்டை, கையில் கசங்கிய பட்டியல். உள்ளே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி முகங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு, தோளில் இருந்த வயர்லெஸ்ஸை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"ஐயா, இன்னைக்குக் கலவரம் பண்ணுவாங்கன்னு நாம விடியக்காலையிலேருந்து தேடறோமே, ரெண்டு கட்சி ரவுடிங்க இருபத்தோரு பேரும் இங்கதான் இருக்காங்க... குழந்தை தூங்குதாம், மெதுவா பேசச் சொல்றாங்க."