கடலுக்கு ஒரு மடை

கடலுக்கு வரப்பு கட்டிய குடும்பம் என்று உறவினர்களிடையே எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. கட்டியது உண்மை. அதற்கு மடை வைத்ததும் உண்மை. அந்த வரப்புக்குள் நின்றது என் கேமரா என்பதும் உண்மை. ஆனால் அன்று நான் தோற்றுவிட்டேன் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. (கேட்க வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்களும் வருவார்கள்.)

நான் மன்னார்குடியில் ஒரு கல்லூரி நூலகர். இருபத்தொரு வயதிலிருந்து நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். காஸ் சிலிண்டர் மாற்றிய நாள், மழை பிடித்த நேரம், வீட்டுக்கு வந்தவர்கள், அவர்கள் சாப்பிட்டது எல்லாம் அதில் இருக்கும். ஆறு வருடங்களுக்கு முன் ஒருநாள் அம்மா போனில், "உங்க நாலு பேரும் சேர்ந்தாப்ல ஒரு போட்டோகூட இந்த வீட்ல இல்லடி" என்றார். அன்று மாலையே நாட்குறிப்புகளை எடுத்து வைத்துச் சரிபார்த்தேன்.

அம்மா சொன்னது சரிதான். அண்ணன் கல்யாணத்தில் தம்பி சேகருக்கு மஞ்சள் காமாலை. என் கல்யாணத்துக்கு அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. சேகர் கல்யாணத்தன்று தங்கை மாலாவுக்குப் பரீட்சை. மாலா கல்யாணத்தில் நாலு பேரும் இருந்தோம்; ஆனால் மற்ற மூவரும் மேடையில் நின்ற நேரத்தில் நான் மண்டபம் முழுக்கப் பெட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். (சாவி என் இடுப்பில் இருந்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.)

இந்த நிலையில்தான் கனடாவில் இருக்கும் அண்ணன் பதினோரு வருடம் கழித்து ஊருக்கு வந்தார். கோயம்புத்தூரிலிருந்து மாலாவும் வந்தாள். சேகர் எப்போதும் ஊரில்தான். அம்மாவையும் நிலத்தையும் பார்த்துக்கொள்கிறவன் அவன். நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போவது இரண்டே நாள். மூன்றாம் நாள் மாலை அண்ணனுக்குத் திருச்சியில் விமானம்.

அப்போது என்னிடம் ஒரு சின்னக் கேமரா இருந்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவு. வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. வாங்கியது கடலைப் படம் எடுப்பதற்காக. ஒருமுறை கல்லூரி ஊழியர்களோடு கடற்கரைக்குப் போனபோது போனில் நான் எடுத்த கடல், துடைக்காமல் விட்ட சமையலறைத் தரை மாதிரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வீடியோக்கள் பார்த்து, ஒரு தனி நோட்டுப் போட்டு, முப்பத்திரண்டு விதிகளை எழுதினேன். முதல் விதியைச் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டேன்: கடலும் வானமும் சேரும் கோடு நேராக இருக்க வேண்டும்.

பழகிப் பார்க்க மன்னார்குடியில் கடல் இல்லை. கோயில் தெப்பக்குளத்தில் பழகினேன். பிறகு சேகரின் வயலில். நடவுக்கு முந்தின வாரம் தண்ணீர் கட்டி நிறுத்திய வயலைப் பார்த்திருக்கிறீர்களா? வானம் அப்படியே அதில் இறங்கிப் படுத்திருக்கும். வரப்பில் ஸ்டாண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். கட்டிய தண்ணீரும் கட்டிய இடத்தில் நிற்கும். தண்ணீரைப் படம் எடுப்பது இவ்வளவுதானே என்று நினைத்துவிட்டேன்.

மாலா ஒரு போட்டோகிராபரைக் கூப்பிடலாம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

"நான் எடுக்கறேன். கடற்கரையில."

"ஏன்க்கா, வாசல்ல நின்னா ஆகாதா?"

"வாசல்ல உரமூட்டை கெடக்கு."

"மூட்டைய நகத்தலாம்ல?"

"கடல நகத்த முடியாதுல்ல? நாமதான் போகணும்."

அண்ணன் நிதானமாகக் கேட்டார். "படத்துல நீயும் இருக்கணுமே, அப்பறம் எடுக்கறது யாரு?"

"டைமர் இருக்குண்ணே. அமுக்கினா பத்து செகண்ட் கழிச்சு வரிசையா மூணு படம் அதுவே எடுக்கும். நான் ஓடி வந்து நின்னுக்குவேன்."

"யாரு, நீயா? ஓடியா?" என்றாள் மாலா.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் கெட்டது. "படம் சரியா வரலேன்னா இனிமே ஜென்மத்துக்கும் கேமராவத் தொடமாட்டேன், போதுமா?" என்று கூடத்தில் நின்று சொல்லிவிட்டேன். அம்மா தலையிட்டார். "கடல்ல நில்லுங்க, கொல்லையில நில்லுங்க. நாலு பேரும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான்." நீயும் நில்லும்மா என்றதற்கு, "என்னைய நான் எதுக்குப் பாக்கறது? தெனம் கண்ணாடியில பாக்கறேனே" என்றார்.

அன்று மாலை மொட்டை மாடியில் ஒத்திகை. பதினாலு அடி தூரம், ஏழு விநாடி. மூன்று முறை ஓடினேன், மூன்று முறையும் ஏழு. எழுதி வைத்தேன்.

மறுநாள் காலை 4.40க்குக் கிளம்பினோம். என் கணவர் வரவில்லை. நாலு பேர் படத்துக்கு ஐந்தாவது ஆள் எதற்கு என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். வேளாங்கண்ணிக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு மீனவ ஊரின் கடற்கரையில் 6.10க்கு இறங்கினோம். அம்மாவுக்குக் காரிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டோம்.

சூரியன் கடலிலிருந்து எழுந்தது. மூவரையும் கடலுக்கு முன்னால் நிறுத்திச் சோதனையாக ஒன்று எடுத்தேன். பின்னால் அத்தனை வெளிச்சம், முன்னால் மூன்று கரிக்கட்டை.

"இதுல அண்ணன் யாரு, நான் யாரு?" என்றாள் மாலா.

"மண்வெட்டி வச்சிருக்கறது நானு" என்றான் சேகர். (ஆமாம், வைத்திருந்தான். காரில் எப்போதும் ஒரு மண்வெட்டி கிடக்கும். எதற்கு எடுத்து வந்தான் என்று அவனுக்கும் தெரியாது. வெறுங்கையோடு நின்றால் அவனுக்கு ஒருமாதிரி இருக்கும்.)

விதி ஒன்பதைப் பார்த்தேன். வெயில் முகத்தில் விழ வேண்டும். அப்படியானால் கேமரா நீர் விளிம்புக்குப் போய், அங்கிருந்து சாய்கோணத்தில் கரையைப் பார்க்க வேண்டும். முகத்தில் வெளிச்சமும் விழும், ஓரத்தில் நீளக் கடலும் கிடைக்கும். சரியான கணக்கு. இன்றும் அதில் பிழை சொல்ல முடியாது. 7.30 வரை காத்திருந்து ஈர மணலில் ஸ்டாண்டை ஊன்றினேன்.

கொஞ்சம் தள்ளி ஒருவர் வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அங்க வைக்காதீங்கம்மா. தண்ணி ஏறிக்கிட்டு வருது."

நான் பதில் சொல்வதற்குள் சேகர் முந்திக்கொண்டான். "பரவால்லண்ணே, ஒரு வரப்பு போட்டுக்கறோம்."

"என்னத்த?"

"வரப்பு."

அவர் கடலைப் பார்த்தார். பிறகு சேகரைப் பார்த்தார். "எந்த ஊரு?"

"மன்னார்குடிப் பக்கம்."

"ம்."

அந்த 'ம்' இன்றும் என் காதில் இருக்கிறது.

ஸ்டாண்டைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு வரப்பு எழுந்தது. மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி மெழுகியது போல ஆக்கினான். அதோடு விடவில்லை. தப்பித் தவறி உள்ளே தண்ணீர் வந்தால் வடிய வேண்டுமே என்று பக்கவாட்டில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிவிட்டான். வயலாக இருந்தால் அதற்கு மடை என்று பெயர். கடலில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

"சேகரு, கடலுக்குமாடா?" என்றார் அம்மா.

"எங்க இருந்தாலும் தண்ணி தண்ணிதாம்மா. முப்பது வருஷமா கட்டறேன், எனக்குத் தெரியாதா?"

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பாராட்டினேன். வரப்பு பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

7.42. அண்ணனை வயிற்றை உள்ளே இழுக்கச் சொன்னேன். மாலாவை நிமிரச் சொன்னேன். சேகரை மண்வெட்டியைப் பின்னால் மறைக்கச் சொன்னேன். கோடு நேராக இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. அமுக்கினேன். சிவப்பு விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

மொட்டை மாடி சிமெண்டால் ஆனது. கடற்கரை அப்படி இல்லை. ஒவ்வோர் அடிக்கும் கால் உள்ளே போய், யோசித்து, வெளியே வந்தது. பதினாலு அடி பத்தொன்பதாக நீண்டது. பத்தாவது விநாடியில் நான் இன்னும் வழியில்தான் இருந்தேன். முதுகுக்குப் பின்னால் முதல் கிளிக் கேட்டது. கூடவே அம்மாவின் குரலும்.

"ஏ சேகரு! உன் வரப்புடா!"

திரும்பினேன். அலை வரப்பை உடைக்கவில்லை. உடைத்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். அது வரப்பைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மேலே ஏறி உள்ளே இறங்கியது. ஸ்டாண்ட் ஒரு பக்கம் சாய்ந்தது. என்னைத் தாண்டிச் சேகர் மண்வெட்டியோடு பாய்ந்தான். இரண்டாவது கிளிக். பிறகு வரப்புக்குள் நுரை மட்டும்.

அந்தக் கட்டுமானத்தில் ஒன்றே ஒன்றுதான் திட்டப்படி வேலை செய்தது. மடை. உள்ளே வந்த தண்ணீர் அத்தனையும் அதன் வழியாக ஒழுங்காக வடிந்தது. அதோடு என் கேமராவும் ஸ்டாண்டும் கால்களை வானத்துக்கு நீட்டியபடி மிதந்து வெளியேறி, மீன்காரரின் காலடியில் போய் நின்றன. அவர் குனிந்து எடுத்தார். ஒரு உதறு உதறினார். சேகரிடம் நீட்டினார்.

"மடை நல்லா வடியுதுங்க" என்றார்.

(இதைச் சேகர் பாராட்டாக எடுத்துக்கொண்டான். இன்றும் சொல்லிக்கொள்கிறான்.)

திரும்பி வந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. அதாவது, பேச வாயைத் திறந்தவர்களுக்கெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் மட்டும் ஒருமுறை, "வாசல்ல அந்த உரமூட்டை..." என்று தொடங்கினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை அரிசியில் புதைக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எந்த அரிசியில் என்பதில்தான் சண்டை. பச்சரிசிதான் ஈரம் இழுக்கும் என்றாள் மாலா. பழைய புழுங்கல் என்றார் அம்மா. நெல்லிலேயே போடலாம், உமி சூடு நல்லது என்றான் சேகர். கடைசியில் புழுங்கலில் ஆறு நாள் கிடந்தது. உப்புத் தண்ணீர் குடித்த கேமரா கண் திறக்கவில்லை. அந்த அரிசியைக் கொட்ட அம்மாவுக்கு மனம் வராமல் கோழிகளுக்குப் போட்டார்.

ஆனால் உள்ளே இருந்த மெமரி கார்டை மாலா அன்றே எடுத்துத் துடைத்துவிட்டாள். மாலையில் அண்ணனின் லேப்டாப்பில் போட்டோம். நான் கூடத்தில் உட்காரவில்லை. சமையலறையில் ஏற்கெனவே கழுவிய தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். நாலு மாதம், முப்பத்திரண்டு விதி, கூடத்தில் சொன்ன சபதம். அதோடு மறுநாள் போய்விடப்போகிற அண்ணன்.

"அக்கா, இங்க வா" என்று மாலா கூப்பிட்டாள். குரலில் கிண்டல் இல்லை.

முதல் படத்தில் என் முதுகு இருந்தது. முழுக்க முதுகுதான். மூன்றாவது படம் இல்லை. அந்த நேரத்தில் கேமராவுக்கு வேறு வேலை இருந்தது. இரண்டாவதில் கடல் சாய்ந்திருந்தது. வானம் ஒரு மூலைக்குச் சரிய, சேகர் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு, படம் எடுத்தவரை அடிக்க வருகிறவன் போல அந்தரத்தில் இருந்தான். நான் இரண்டு கைகளையும் நீட்டி, கடைவாய்ப் பல் தெரிய வாயைப் பிளந்திருந்தேன். வயிற்றை இழுக்கச் சொன்ன அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிமிரச் சொன்ன மாலா அவர் தோளைப் பிடித்துத் தொங்கினாள். எண்ணினேன். நாலு முகம். நாலிலும் வெயில் விழுந்திருந்தது. (விதி ஒன்பது.)

"ஃபோகஸ் இருக்கு" என்றேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் காலை உரமூட்டையை நகர்த்தி, வாசலில் எங்கள் நாலு பேரையும் நிற்க வைத்து, சேகர் மனைவி போனில் ஒன்று எடுத்தாள். நேராக, தெளிவாக வந்தது. அண்ணன் இரண்டையும் அச்சுப் போட்டு வரச் செய்து அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா வாசல் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு செத்ததுக்கு இப்பிடி நிக்கிறீங்க?"

மற்றதை எடுத்துக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குச் சட்டம் போடு" என்றார்.

சட்டம் வந்ததும் சேகர் ஆணி அடித்து மாட்டினான். அம்மாவுக்குத் திருப்தி இல்லை. "கழுத்து வலிக்குதுடா. கடல் சாஞ்சிருக்கு. சட்டத்தச் சாய்ச்சு மாட்டு." நான் உடனே மன்னார்குடியில் என் வீட்டுக்குப் போய் ஜியோமெட்ரி பாக்ஸ் கொண்டு வந்து அளந்தேன். பதினேழு டிகிரி. இரண்டு ஆணி. சட்டம் கோணலாகத் தொங்கியது.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும், தபால்காரர் உட்பட, கூடத்தில் நுழைந்ததும் சட்டத்தை நேராக்கக் கையை நீட்டுவார்கள். அம்மா நாற்காலியிலிருந்தே சத்தம் போடுவார்: "கடலச் சாய்க்காதீங்க!" இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது யாரையாவது திருத்தப் போனால் பேரப்பிள்ளைகள்கூட அதைத்தான் சொல்கிறார்கள். வாளித் தண்ணீர் கொட்டினால், "சேகர் மாமாவக் கூப்பிடு, மடை வைக்கட்டும்" என்பது தனி.

என்னிடம் இப்போது இரண்டாவது கேமரா இருக்கிறது. சபதம் என்னாயிற்று என்று மாலா ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். படம் சரியாக வரவில்லை என்றால்தானே சபதம்? பொங்கலுக்கு வெள்ளையடித்ததும் ஜியோமெட்ரி பாக்ஸோடு போய் நான்தான் அதைத் திரும்ப மாட்டுகிறேன். மாட்டி முடித்ததும் நாலடி பின்னால் வந்து நின்று பார்ப்பேன். கடலும் வானமும் சேரும் கோடு நேராக இருக்க வேண்டும். இருக்கிறது.