விக்கலுக்கு அம்மாவின் வைத்தியம்

எல்லோரும் பதறிக்கொண்டிருக்கும் இடத்தில் நமக்கு மட்டும் ஒரு யோசனை தோன்றினால், அதை அப்படியே விழுங்கிவிடுவது நல்லது. நான் விழுங்கவில்லை.

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கனடாவில், மொன்றியல் துறைமுகத்தில் சாமான் இறக்குகிறவர். ஒலிப்பதிவு படித்து முடித்ததும் சென்ட் லோரன்ட் வீதியில் ஒரு ஸ்டூடியோவில் எனக்கு உதவியாளன் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். வயர் சுருட்ட வேண்டும், கோப்பி போட வேண்டும், வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். (முதல் இரண்டிலும் நான் கெட்டிக்காரன்.) அப்பாவோ, "என்ர மோன் பாட்டுக் கொம்பனியில பெரிய ஆள்" என்று முழுத் துறைமுகத்துக்கும் சொல்லிவிட்டார். வேலை போனால் அவர் முகத்தை எங்கே வைப்பார் என்ற யோசனையில் என் கால் எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த மாதம் பாட வந்தவர் மடாம் றோஸ்லின். ஒரு காலத்தில் பெயர்போன சோல் இசைப் பாடகி. பதினைந்து வருடம் வாயே திறக்காமல் இருந்துவிட்டுப் புதுப் பாட்டு அல்பத்துக்காக வந்திருந்தார். ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. கடைசிப் பாட்டு அன்றைக்கு. வாத்தியக்காரர்கள் பின்னேரம் விமானம் ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்து மடாமுக்கு விக்கல்.

தண்ணீர் குடித்தார். மூச்சை அடக்கினார். சீனி தின்றார். வாயைத் திறந்தால் முதல் வரியிலேயே 'விக்'. தயாரிப்பாளர் லூக் மணிக்கூட்டைப் பார்க்கிறார், நான் லூக்கைப் பார்க்கிறேன், கால் ஆடுகிறது.

எங்கள் வீட்டில் விக்கலுக்குச் சீனியெல்லாம் கிடையாது. அம்மா திடீரென்று களவுப் பட்டம் கட்டுவார். "டேய், கோயில் உண்டியல்ல நீதானே கை வச்சனி?" நாம் "ஐயோ, இல்லையம்மா" என்று பதற, விக்கல் நின்றுவிடும். அவ்வளவுதான் வைத்தியம்.

கதவைத் தள்ளிக்கொண்டு மடாம் பாடும் அறைக்குள் போனேன். விரலை நீட்டி, எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பிரெஞ்சில் சொன்னேன்: "மடாம், இந்தப் பாட்டு நீங்கள் களவெடுத்தது. எனக்குத் தெரியும்."

விக்கல் நின்றது. மற்றவர்களுக்கு மூச்சே நின்றது. டிரம்ஸ்காரரின் கையிலிருந்து ஒரு குச்சி விழுந்து, மெல்ல, அறையின் மறுகோடி வரை உருண்டது.

பதினைந்து வருடத்துக்கு முன் அவர் பாடுவதை விட்டதே, பாட்டுக் களவெடுத்தார் என்று யாரோ கிளப்பிய பொய்க் கதையால்தானாம். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும், வயர் சுருட்டுகிறவனைத் தவிர.

"யார் சொன்னது?" என்றார் மடாம்.

"அம்மா."

"உன் அம்மாவுக்கு என்னைத் தெரியுமா?"

"இல்லை மடாம். விக்கல் எடுத்தால் அம்மா எல்லாரையும் கள்ளன் என்றுதான் சொல்லுவார்."

மடாம் ஒலிவாங்கியை விட்டு என் பக்கம் வந்தார். "இத்தனை வருடமும் எல்லாரும் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே சொன்னவன் நீ ஒருவன்தான்." பிறகு லூக்கின் பக்கம் திரும்பி, "பதிவு செய். இப்போதே" என்றார்.

பாடினார். பிரமாதமாகப் பாடினார் என்று சொல்கிறார்கள். (அப்பாவுக்கு என்ன சொல்வதென்ற யோசனையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.) பதிவு நடக்கும் சிவப்பு விளக்கு எரிந்ததால் வெளியே போகவும் வழியில்லை. மூலையில் வயர்க் கட்டுகளோடு இன்னொரு கட்டாக நின்றேன். கடைசிச் சொல் முடிந்து அறை அடங்கிய அந்த நொடியில், பயத்தில், எனக்கு விக்கல் எடுத்தது.

லூக் அதைப் பதிவிலிருந்து வெட்டப் போனார், மடாம் விடவில்லை. வேலையும் நிரந்தரமானது, பாடகர்களோடு கதைக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தப் பாட்டைப் போடுவார். நாலரை நிமிடம் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்துவிட்டதென்று யாராவது எழும்பினால் கையைப் பிடித்து இருத்துவார்.

"பொறுங்கோ அண்ணை. இனித்தான் மோன் வாறான்."