ஆவி கேட்ட புரோட்டா

மானகிரியில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டோவுக்குக் கிராக்கி. செத்தவர்கள் பேசுகிறார்கள் அல்லவா! பேச வைப்பவர் இங்கே மடம் வைத்திருக்கும் ஒலிச்சித்தர். போன வருசம் வரை மைக்செட் ரிப்பேர் பார்த்தவர்; ஞானம் எந்த ஒயர் வழியாக ஏறியதோ!

முறை எளிது. ஆவி சொல்லப்போவதைச் சித்தர் முதலில் பலகையில் எழுதிக் காட்டுவார். பிறகு தன் மைக்செட் பெட்டியைத் தட்டுவார். கரகரவென்று குரல் வரும். எழுதியது அப்படியே கேட்கும்.

தீபலட்சுமிக்கும் கேட்டது. மலேசியாவுக்குத் தச்சு வேலைக்குப் போய், சாரம் சரிந்து செத்த கணவன் சோணை, "வீட்ட மடத்துக்கு எழுது" என்றான். குரலைச் சித்தரே அவள் செல்போனுக்கு அனுப்பிவைத்தார். வீட்டுப் பத்திரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வெள்ளி கழிந்து வரும் திங்கட்கிழமை பத்திரப்பதிவு.

அடுத்த வீட்டு ரிஹானா காரைக்குடியில் காது மெஷின் கடையில் செவி சோதிப்பவள். அவளிடம் தீபலட்சுமி போனில் போட்டுக் காட்டினாள்.

"என்னக்கா, அப்பளம் பொரியுற சத்தமா இருக்கு?"

"அடியே, வீட்ட மடத்துக்கு எழுதுங்குறாகடி!"

மறுபடி கேட்ட ரிஹானாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்போது அவளுக்கும் தெளிவாகக் கேட்டது! பயந்திருக்க வேண்டியவள், யோசித்தாள்.

அடுத்த வெள்ளி, கூட்டத்தில் எழுந்தாள். "சாமி, இந்தத் தடவ எழுதாமப் போடுங்க."

"நம்பிக்கை இல்லாதவுகளுக்கு விழாதும்மா."

"நம்பிக்கை உள்ளவுகளே கேட்டுச் சொல்லட்டும்."

தீபலட்சுமியின் போனை மைக்கருகே பிடித்தாள். கரகரத்தது.

"தண்ணி கேக்குது!" என்றார் ஒருவர்.

"இல்லப்பா, பழனிக்குப் போகச் சொல்லுது!"

"பஸ்சு போற சத்தம்ல?"

"இப்பக் கேளுங்க," என்றாள் ரிஹானா. "ரோட்டுக் கடையில புரோட்டா."

அதே சத்தத்தை மறுபடி போட்டாள். கூட்டம் வாயைப் பிளந்தது. அட்சரம் பிசகாமல் புரோட்டா! தீபலட்சுமிக்கும் அப்படியே கேட்டது, சோணையின் குரலிலேயே. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"அப்ப அவுக பேசலியாடி?"

"இல்லக்கா. காதுல விழுறது வெறும் கரகரப்பு. என்ன வரும்னு முன்னாடியே சொல்லிட்டா, மூளை அதையே குரலாக் கட்டிருது. குரல உங்க ஆசையே குடுத்துருச்சு. எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."

தீபலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நேரே மேடையேறி, சித்தர் மடியிலிருந்த தன் வீட்டுப் பத்திரத்தைப் பிடுங்கினாள்.

"எம் புருசன் ஒரு நாளும் என்னை அதட்டுனதில்ல. செத்த பிறகா அதட்டப்போறாக? பெட்டிய எடுத்துக்கிட்டு எந்திரிய்யா!"

சித்தர் பின்வாசல் வழியாக முக்தி அடைந்தார்.

கூட்டம் கலையவில்லை. ஒரு பெரியவர் ரிஹானாவை நெருங்கி, பயபக்தியோடு கைகூப்பினார். "தாயி, நீ போட்டாலும் ஆவி பேசுதே! எங்கப்பனக் கொஞ்சம் கூப்பிடுறியா?"

ஐயா, புண்ணியவான்களே! இனி எந்தச் சாமியிடம் போனாலும் இரண்டு காதுகளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். நடுவில் ஒரு தலை இருக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டு போங்கள்!