வெண்டெலின் கைக்கட்டு

"அப்பா, காலேஜ்ல உங்களுக்கு நாற்பது அண்ணன் தம்பின்னு சொல்றீங்களே, ஒருத்தர்கூட ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்ல?"

வெண்டெலின் மகள் பெக்கி ஆறு வயதில் கேட்டது. இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெண்டெல், படிப்பு முடிந்த புதிதில், கல்லூரியின் ஒவ்வொரு கால்பந்து ஆட்டத்துக்கும் போய், அண்ணன் தம்பியாக இருப்போம் என்று சத்தியம் செய்த மாணவர்களின் சகோதர சங்கத்தாரோடு தொண்டை கட்டக் கத்தியவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு அது கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு நின்றது. பிள்ளைகள் பிறந்ததும் வாழ்த்தும் நின்றது. இப்போது மனைவி காலமாகிவிட்டாள். பேச ஆளில்லாத வீடு. ஓஹையோவில் நடக்கும் சங்க விருந்துக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகுதான் ஒன்று உறைத்தது. சங்கத்தின் ரகசியக் கைகுலுக்கல் மறந்துபோயிருந்தது! வாசலில் அதைச் செய்யத் தெரியாதவர் அப்படியே திரும்பிப் போகவேண்டியதுதான்.

அந்நாளைய அறைத்தோழன் ரஸ்ஸுக்கு ஃபோன் போட்டார்.

"டேய், சுண்டுவிரல் உள்ளயா, வெளியவா?"

"ஃபோன்லயா கேக்குற? சத்தியம் பண்ணியிருக்கோம்டா, பாவி!"

ரஸ் ஃபோனை வைத்துவிட்டார். வெண்டெல் வலது கையில் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சங்க வீட்டின் முன்னால் ஏகப்பட்ட கார்கள். ஏனோ பலர் இறங்காமலே உட்கார்ந்திருந்தார்கள். இறங்கிய வெண்டெலை, கூடப் படித்த மாட்டு டாக்டர் கர்ட் பிடித்துக்கொண்டார்.

"கையில என்னடா?"

"கார் கதவு நசுக்கிடுச்சு."

"காட்டு."

"நீ மாட்டு டாக்டர்டா!"

"குளம்பையே பார்க்கிறவனுக்குக் கை எம்மாத்திரம்?"

கட்டை அவிழ்த்தேவிட்டார். "ஒரு கீறல்கூட இல்லையே!"

"ஆண்டவர் கிருபை," என்றார் வெண்டெல், வேறு வழியில்லாமல்.

"அற்புதம்டா! எல்லார்கிட்டயும் சொல்றேன்!" கர்ட் பின்வாசல் பக்கமாக ஓடினார்.

முன்வாசலில் காவல் நின்றவர் ஆர்லோ. எண்பதைத் தாண்டிவிட்டார். சங்கத்தில் சேர்ந்த அன்று வெண்டெல் கைகுலுக்கத் தெரியாமல் விழித்தபோது, இவர்தான் வேண்டுமென்றே மெழுகுவத்தியைத் தவறவிட்டு, அந்த இருட்டில் வெண்டெலின் விரல்களைச் சரிசெய்தவர். வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

வெண்டெல் கையை நீட்டினார். இரண்டு கைகளும் நண்டுகள்போலச் சிக்கிக்கொண்டன.

"மன்னிச்சிடுங்கண்ணே. மறந்துட்டேன்."

ஆர்லோ அவர் காதருகே குனிந்தார். "மெல்லப் பேசு தம்பி. எனக்கும் மறந்துபோச்சு. மத்தியானத்திலேர்ந்து பயந்துக்கிட்டேதான் நிக்கிறேன்."

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சங்கத் தலைவர் பிரெஸ்காட்! விதி என்றால் விதி என்பவர்.

வெண்டெல் கிழவரை மேலங்கிகள் தொங்கிய மூலைக்கு இழுத்தார். கர்ட் அவிழ்த்த கட்டுத்துணியைப் பையிலிருந்து எடுத்து, அவருடைய வலது கையில் பதமாகச் சுற்றினார். யாரும் பார்க்கவில்லை.

"கார் கதவுன்னு சொல்லுங்க," என்று முணுமுணுத்துவிட்டு விலகி நின்றார்.

பிரெஸ்காட் வந்தார். கட்டைப் பார்த்தார்.

"கையில என்னண்ணே?"

"கார் கதவு நசுக்கிடுச்சு தம்பி."

பிரெஸ்காட்டின் முகம் மலர்ந்தது. வெளியே திரும்பி, வாயருகே கைகளைக் குவித்துக் கத்தினார்:

"டேய், கார்லயே பதுங்கிக் கிடக்கிறவங்க எல்லாரும் இறங்கி வாங்கடா! இன்னிக்குக் கைகுலுக்கல் கிடையாதாம்!"