எதுக்கு சார் குலசேகரம் போன கதை

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதுவரை யாராலும் ஏமாற்ற முடியாத ஒரே மனிதர் எதுக்கு சார்தான். வங்கி மோசடிக்காரர்கள், பழ வியாபாரிகள், ஆட்டோக்காரர்கள், சொந்த மச்சினன்மார் என்று எல்லாத் தரப்பினரும் முயன்று பார்த்துத் தோற்றிருக்கிறார்கள்.

கீரிப்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியர். மணி என்ன என்று கேட்டாலும் "எதுக்கு?" என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

நான் அவரைச் சந்தித்தது ஒரு மே மாதத்தில். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில், பள்ளி மாணவர்களுக்கு சைபர் பாதுகாப்புக் கோடை முகாம். கம்ப்யூட்டர் டீச்சர் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். அவருடைய பள்ளியில் லீவை விட்டுக்கொடுக்க வேறு யாரும் சம்மதிக்காததால், மலையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக அவர் தன் ஸ்கூட்டரில் வந்தார்.

வாசலில் பதிவு செய்த பெண் அவர் பெயரைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"கழுத்துல போடுற கார்டுல எழுதணும் சார்."

"நான் ஆருன்னு எனக்க பிள்ளைகளுக்குத் தெரியும். பெறவு கார்டு எதுக்கு?"

முகாம் முடியும்வரை அவர் கழுத்தில் வெற்றுக் கார்டுதான் தொங்கியது.

பாடம் எடுக்க பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். "முன்பின் தெரியாதவங்க என்ன சொன்னாலும் நம்பாதீங்க" என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் எதுக்கு சார் எழுந்தார்.

"தம்பி, ஒன்னையும் எங்களுக்கு முன்னப் பின்னத் தெரியாதே."

தம்பி அடையாள அட்டையைக் காட்டினார். "இத எந்தக் கடையிலயும் அடிச்சித் தருவான்" என்றார் எதுக்கு சார். வேறு வழியில்லாமல் நான் போய்க் கல்லூரி முதல்வரையே கூட்டிக்கொண்டு வந்தேன். முதல்வர், பயிற்சியாளர் உண்மையான ஆள்தான் என்று சான்று சொன்னார். எதுக்கு சார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"டீச்சரே, இவரு ஆரு?"

ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே அவருக்கு ஒரு போன் வந்தது. பிள்ளைகள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பேங்க்ல இருந்து பேசுறோம். உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆகப்போகுது."

"எதுக்கு?"

"கேஒய்சி அப்டேட் பண்ணலை சார்."

"எதுக்கு பண்ணணும்?"

"மேலிடத்து உத்தரவு சார்."

"எதுக்கு அப்பிடி உத்தரவு போட்டாவ?"

டீ பெல் அடிக்கும்வரை இது ஓடியது. மறுமுனையில் இருந்த பையன் முதலில் அதட்டினான், பிறகு விளக்கினான், கடைசியில் கெஞ்சினான். "சார், நான் வச்சிரட்டுமா?"

"எதுக்கு?"

முகாமின் கடைசிப் பயிற்சி இதுதான்: மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து பெரியவர்களுக்குத் தூண்டில் செய்தி அனுப்ப வேண்டும். லிங்க்கை அமுக்கியவர் தோற்றார். நான் மே மாதத்திலேயே வந்த ஆடித் தள்ளுபடியை நம்பி அமுக்கினேன். பயிற்சியாளருக்குச் சம்பள உயர்வு வந்தது. அவரும் அமுக்கினார். எதுக்கு சாருக்கு லாட்டரி, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் போயின. ஒன்றையும் தொடவில்லை.

கடைசி நாள் காலையில் ஜெபிஷா என்னிடம் வந்தாள். அவருடைய பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஓட்டக்காரி. "சார் இன்னைக்கு விழுவாரு, பாருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படாமல் லேபுக்குள் ஒளிந்துகொண்டாள்.

டீ நேரத்தில் அவருக்குச் செய்தி வந்தது. 'சார், ஜெபிஷா. பஸ் மாறி ஏறி குலசேகரம் வந்துட்டேன். கையில காசு இல்ல. ஒரு அக்கா போன்ல இருந்து அனுப்புதேன். நான் நிக்கிற எடம் இந்த லிங்க்ல உண்டு.'

எதுக்கு சார் அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். அந்தப் போனைப் பிள்ளைகள் அணைத்து வைத்திருந்தார்கள். மைதானத்தில் நின்ற பிள்ளைகளிடையே ஜெபிஷாவைத் தேடினார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். நான் வராந்தாவுக்கு ஓடிவருவதற்குள் அவருடைய ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டிவிட்டது. குலசேகரம் ஒரு மணி நேரத் தூரம். கோடை மழை அப்போதுதான் பிடித்தது.

அவருக்கு மாறி மாறிப் போன் அடித்தோம். வண்டியில் போகிறவர் எடுப்பாரா? ஜெபிஷா முதலில் சிரித்தாள். மழை வலுக்க வலுக்கச் சிரிப்பு நின்றது. "ரோடு வழுக்கும் டீச்சர்" என்று அழ ஆரம்பித்தாள். பயிற்சியாளர் வகுப்பை விட்டுவிட்டு வாசலில் நின்றார்.

மதியம் நெருங்கும்போது ஒருவழியாக எடுத்தார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். ஜெபிஷா போனைப் பிடுங்கினாள்.

"சார், நான் இஞ்சதான் இருக்கேன். லேப்ல."

"ஆரு?"

"ஜெபிஷா சார்."

"நீ ஜெபிஷாதான்னு நான் எப்பிடி நம்புவேன்? ஜில்லா மீட்ல நூறு மீட்டர் எப்பிடித் தோத்தே, சொல்லு."

"ஷூ கழண்டு போச்சு சார்."

"அழாத மக்ளே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தார். குலசேகரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை விடாமல் விசாரித்திருக்கிறார். பயிற்சியாளர் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினார். "லிங்க்கத் தொட்டேனா? தொடல. அப்போ நான் தோக்கல."

ஜெபிஷா தலையைக் குனிந்தபடி கேட்டாள். "பொய்யா இருக்கும்னு தோணலியா சார்?"

"தோணிச்சு."

"பெறவும் ஏன் போனீங்க?"

"பொய்யா இருக்கணும், பொய்யா இருக்கணும்னு நெனச்சிட்டேதான் போனேன்."

அவள் தன் ஷாலை நீட்டினாள். தலையைத் துவட்டிக்கொண்டே அவர், பிள்ளைகள் எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்று என்னைக் கேட்டார். சாப்பாடு வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஒருவரும் இலை போடவில்லை.