ஐயய்யோ அண்ணனும் அஞ்சு ரூபாய் பிரீமியமும்

மதுரைச் சீமையில் பயப்படுவதற்கென்றே பிறந்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஐயய்யோ அண்ணன்தான். எழுபதுகளில் சமயநல்லூர் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் டைப்பிஸ்ட். அவர் தலைமைக் கணக்கர். போன் அடித்தால் "ஐயய்யோ!" தபால்காரர் வந்தால் "ஐயய்யோ!" டீயில் ஆடை மிதந்தால்கூட அதேதான். முதலாளியின் கார் ஹாரன் கேட்டால் பேனாவை மூடாமலே சட்டைப்பையில் செருகிக்கொள்வார். அவரிடம் மைக்கறை இல்லாத சட்டையே கிடையாது.

மில்லுக்குப் புது மிசின் கொட்டகை கட்ட முதலாளி பங்கு வெளியிட்டார். பத்து ரூபாய்ப் பங்கு பதினைந்துக்குப் போனது. பத்தை மூலதனத்திலும், மேலே வந்த அஞ்சைப் பிரீமியம் என்று தனிக் கணக்கிலும் அண்ணன் எழுதினார்.

"இந்த அஞ்சப் பாத்தாலே தூக்கம் வரமாட்டேங்குது மாப்ள. யாராச்சும் கை வைப்பாங்க."

வைத்தார்கள். மறுவருஷம் பஞ்சு விலை ஏறி மில் நஷ்டம். பழைய லாபமும் மிச்சமில்லை. முதலாளியோ, பங்கு வாங்கிய சொந்தக்காரர்களுக்குத் தன் மகள் கல்யாணத்துக்குள் டிவிடெண்ட் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"பிரீமியத்துல இருந்து எடுத்து லாபம்னு எழுதிரும்யா" என்றார்.

அண்ணன் ரெக்கார்டு ரூமுக்குள் ஓடி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். முதலாளி கதவை உதைத்தார். ஆபீஸே நடுங்கியது, என் விரல்கள் டைப்ரைட்டரிலேயே ஒட்டிக்கொண்டன.

"வெளிய வாய்யா!"

"வரமாட்டேன் மொதலாளி, பயமாருக்கு."

"அப்ப எழுதிருவியா?"

"ஐயய்யோ! அது அவுங்க போட்ட பணம். அதையே எடுத்து அவுங்களுக்கு லாபம்னு குடுத்தா செயிலு. உங்களக் கண்டாலும் பயந்தான் மொதலாளி. ஆனா செயிலுன்னாத்தான் அதவிடப் பயம்."

வேலை போச்சு என்றே நினைத்தோம். முதலாளி அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தார். டிவிடெண்ட் இல்லை என்பதைப் பங்குதாரர் கூட்டத்தில் அண்ணனே எழுந்து சொல்ல வேண்டும்.

சொன்னார். வில்லாபுரத்திலிருந்து வந்திருந்த முதலாளியின் மச்சான் நாற்காலியைத் தூக்கிவிட்டார். "எங்க பணத்த என்னய்யா பண்ணீங்க?"

அண்ணன் மேஜைக்கு அடியில் பார்த்தார், இடம் போதாது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"உங்க பணம் கொட்டகையா, மிசினா நிக்குதுங்க. போயித் தட்டிப் பாருங்க. லாபம் மட்டுந்தான் இல்ல. இருக்குன்னு சொல்லி இருக்குறதையும் பிரிச்சுக் குடுத்தா, அடுத்த வருசம் மில்லும் இருக்காதுங்க."

தூக்கிய நாற்காலி மெல்ல இறங்கியது. மச்சான் அதிலேயே உட்கார்ந்தார். முதலாளி அண்ணனிடம், "நாளைக்கு நேரத்தோட வந்துரும்யா" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணனை என் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டேன். இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மெல்லப் போ மாப்ள" என்றார்.

காலி ரோடுதான். இருந்தாலும், கண்ணாடிச் சாமான் ஏற்றியவனைப் போல பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பார்த்துப் பார்த்து மிதித்தேன்.